முதல் எடிட்டிங் மானிட்டர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

எடிட்டிங் பழக ஆரம்பித்த முதல் வருடம், நாற்பது படங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றோடும் மணிக்கணக்கில் உட்கார்ந்து திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். ஆல்பம் கைக்கு வந்ததும் மனசே விட்டுப்போனது. எல்லா முகமும் இருட்டு. நிழலில் இருந்த தலைமுடியெல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. அச்சடித்தவர்கள் மேல்தான் தப்பு என்று நினைத்து இன்னொரு இடத்தில் கொடுத்துப் பார்த்தேன், அங்கேயும் அதே இருட்டு. தப்பு என் மேசையில் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் என் மானிட்டர் முழு வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திரை பளீரென்று இருந்தால் படமும் பளீரென்றுதானே தெரியும், நானும் ஒவ்வொரு படத்தையும் தேவைக்கு மேல் இருட்டாக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் மானிட்டரை மட்டும் ஒரே மாலையில் வாங்கிவிடுகிறார்கள். படக் கோப்பில் இருப்பது வெறும் எண்கள். தோல் நிறம் மஞ்சளடிக்கிறதா, வானம் ரொம்ப நீலமாகிவிட்டதா, நிழலில் இன்னும் விவரம் இருக்கிறதா என்று நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் அந்தத் திரை காட்டுவதை நம்பி எடுப்பதுதான். அதனால் என் கணக்கு இது: நிறத்தைச் சரியாகக் காட்டுவது, அதை அளந்து சரிசெய்ய இடம் கொடுப்பது, இந்த இரண்டும் முதலில். பெரிய திரை, 4கே, எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதி) எல்லாம் அப்புறம்.

முதல் படி: உங்கள் படங்கள் எங்கே போகின்றன?

கடைக்குப் போவதற்கு முன்னால், விவரப் பட்டியலைத் திறப்பதற்கும் முன்னால், ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் படங்களைப் பார்ப்பவர்கள் எதில் பார்க்கிறார்கள்? செல்போனிலும் இணையத்திலும் மட்டும்தான் என்றால் உங்களுக்கு வேண்டியது எஸ்ஆர்ஜிபி என்கிற நிற வரம்பை, அதாவது அந்த எல்லைக்குள் வரும் நிறங்களை, முழுமையாகக் காட்டும் மானிட்டர், அவ்வளவுதான். நல்ல தரத்தில் அச்சிட்டு மாட்டப்போகிறீர்கள், நிலக்காட்சி, பறவைகள், துணி மாதிரியான செறிவான நிறங்களைக் கையாளுகிறீர்கள் என்றால் அதைவிட விரிந்த வரம்பு உள்ள மானிட்டர் உதவும். வீடியோவும் சேர்த்துச் செய்கிறீர்கள் என்றால் பி3 என்ற வரம்பு கணக்கில் வரும்.

தொடங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் வகையில்தான் இருக்கிறார்கள். ஆனால் கடையில் மூன்றாவது வகைக்கான மானிட்டரைப் பார்த்து மயங்கி அதை வாங்கிவிடுகிறார்கள், பிறகு "எல்லாப் படமும் ரொம்பச் சிவப்பாக இருக்கிறதே" என்று திணறுகிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று கீழே வருகிறேன்.

இரண்டாவது படி: பேனல் வகை

பேனல் என்பது மானிட்டருக்குள் படத்தைக் காட்டும் பலகை. இதில் அதிகம் யோசிக்க வேண்டாம், ஐபிஎஸ் என்ற வகையை வாங்குங்கள்.

காரணம் தெரிய வேண்டுமென்றால்: மலிவு மானிட்டர்களில் வரும் டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே நிறமும் வெளிச்சமும் மாறும், திரையின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே படத்தை வேறு வேறாகக் காட்டும். அதில் எடிட்டிங் செய்யவே வேண்டாம். விஏ பேனலில் கறுப்பு நன்றாக, ஆழமாக இருக்கும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், வழக்கமாக 1000:1 அளவில் இருக்கும்போது விஏவில் 3000:1கூடக் கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிழல் பகுதிகளின் தோற்றம் மாறிவிடும். நிழலில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலையில் பாதி என்பதால் எனக்கு அது ஒத்துவரவில்லை. ஐபிஎஸ் 1990களில் ஹிட்டாச்சி கொண்டுவந்த தொழில்நுட்பம், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. அதன் குறை, இருட்டு அறையில் கறுப்புப் படம் பார்த்தால் மூலைகளில் லேசாக ஒரு வெளுப்பு தெரியும். அதோடு வாழ்ந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிவிடும் ஓஎல்இடி திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். படம் பார்க்க அத்தனை அழகு, கறுப்பு என்றால் உண்மையான கறுப்பு. ஆனால் எடிட்டிங் மென்பொருளில் ஓரத்துப் பட்டைகளும் மெனுவும் மணிக்கணக்கில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், அப்படி நின்றால் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. பல மாடல்கள் திரை முழுக்க வெள்ளையாக வந்தால் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளவும் செய்கின்றன. வெளிச்சத்தை வைத்து முடிவெடுக்கிற வேலைக்கு அது சங்கடம். முதல் மானிட்டராக இதை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது படி: நிற வரம்பு என்கிற எண்களைப் படிப்பது

இங்கேதான் ஏமாறுவது அதிகம், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசலாம்.

எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து உருவாக்கி, 1999இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட நிற வெளி. இணையத்தில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை இதை நம்பித்தான் ஓடுகின்றன. அடோபி ஆர்ஜிபி 1998இல் அச்சு வேலையை மனதில் வைத்து வந்தது, பச்சையிலும் பச்சை கலந்த நீலத்திலும் எஸ்ஆர்ஜிபியைவிட நன்றாக விரிந்திருக்கும். பி3 டிஜிட்டல் சினிமாவிலிருந்து வந்தது, சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் அதிகம் விரிந்திருக்கும். விலை உயர்ந்த செல்போன்கள் பலவற்றின் திரையும் இப்போது பி3யைத்தான் குறிவைக்கிறது.

மூன்று குவளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு வடிவம். உங்கள் மானிட்டர் எந்தக் குவளையை விளிம்புவரை நிரப்புகிறது என்பதைத்தான் "99 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று எழுதுகிறார்கள். இப்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, "72 சதவீதம் என்டிஎஸ்சி" என்று எழுதியிருந்தால் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். என்டிஎஸ்சி என்பது 1953ஆம் வருடத்துத் தொலைக்காட்சித் தரம். அதில் 72 சதவீதம் என்றால் பரப்பளவில் கிட்டத்தட்ட எஸ்ஆர்ஜிபி முழு அளவு. அதே இடத்தில் 45 சதவீதம் என்று இருந்தால், மலிவான லேப்டாப்களில் நிறைய இப்படி வரும், அது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. அதில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. தாண்டிப் போய்விடுங்கள்.

இரண்டு, "125 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று எழுதியிருந்தால் அது பரப்பளவைச் சொல்கிறது. பரப்பளவு பெரிதாக இருந்தும் ஒரு பக்கம் வழிந்து மறுபக்கம் குறைவாக இருக்கலாம், அதாவது சிவப்பில் தேவைக்கு மேல் போய்விட்டு நீலத்தில் ஒரு மூலையை விட்டிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது "எத்தனை சதவீதம் உள்ளடக்குகிறது" என்ற எண், அது நூறைத் தாண்டவே முடியாது. நூறைத் தாண்டிய எண்ணைப் பார்த்தால் உள்ளடக்கும் அளவு என்ன என்று தேடிப் பாருங்கள்.

மூன்று, விரிந்த வரம்பு எப்போதும் நல்லது என்று நினைப்பது. நிற மேலாண்மை தெரிந்த மென்பொருள், அதாவது போட்டோஷாப், லைட்ரூம், டார்க்டேபிள், கிம்ப் போன்றவை, உங்கள் மானிட்டரின் புரொஃபைலை, அதாவது அது நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் கோப்பை, படித்து நிறத்தைத் திருத்திக் காட்டும். ஆனால் அதைப் பற்றி எதுவும் தெரியாத மென்பொருளும் உங்கள் கணினியில் இருக்கும். அது எஸ்ஆர்ஜிபி படத்தின் "முழுச் சிவப்பு" என்கிற எண்ணை அப்படியே மானிட்டருக்கு அனுப்பும், மானிட்டர் தன்னால் முடிந்த உச்சச் சிவப்பைக் காட்டும், முகமெல்லாம் வெயிலில் கருகியதுபோலத் தெரியும். எந்த மென்பொருள் காட்டுவது சரி என்றே தெரியாமல் குழம்பிப்போவீர்கள். அதனால் விரிந்த வரம்பு மானிட்டர் வாங்கினால் அதில் நல்ல எஸ்ஆர்ஜிபி மோட் ஒன்று இருக்க வேண்டும், இது கட்டாயம். அந்த மோடில் வெளிச்சத்தை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள், சில மானிட்டர்கள் அதைப் பூட்டி வைத்துவிடுகின்றன, கண்கூசும் வெளிச்சத்தில் பூட்டிய மோடை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் எஸ்ஆர்ஜிபியில் 98, 99 சதவீதம் உள்ளடக்கும் ஒரு நேர்மையான ஐபிஎஸ் போதும். இதைச் சமரசம் என்று நினைக்க வேண்டாம், பல பேருக்கு அதுதான் சரியான தேர்வே.

நான்காவது படி: துல்லியம், சீர்மை, பிட்

வரம்பு என்பது எவ்வளவு நிறம் காட்ட முடியும் என்பது. அந்த நிறம் சரியான நிறம்தானா என்பது வேறு கேள்வி. அதற்கு டெல்டா இ என்று ஓர் அளவு இருக்கிறது: காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம். 1 என்றால் பழகிய கண்ணுக்கே வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், சராசரி 2க்குக் கீழே இருந்தால் எடிட்டிங்குக்குத் தாராளம். புகைப்படத்துக்கென்று விற்கும் மானிட்டர்கள் பலவற்றில் தொழிற்சாலையில் அளந்த அறிக்கைத் தாள் ஒன்று பெட்டிக்குள் இருக்கும். அது நல்ல அடையாளம்தான், ஆனால் அந்தத் தாள் சொல்வது எந்த மோடில் அளந்தார்களோ அந்த மோடுக்கு மட்டும். நீங்கள் வேறு மோடுக்கு மாறிவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

சீர்மை என்பதைப் பெரும்பாலான விவரப் பட்டியல்களில் பார்க்கவே முடியாது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது அதுதான். திரையின் நடுவில் இருக்கும் சாம்பல் நிறமும் இடது ஓரத்தில் இருக்கும் சாம்பல் நிறமும் ஒன்றாக இருக்கிறதா? ஓரம் மங்கலாகவோ லேசாக ரோஸாகவோ இருந்தால், படத்தின் மூலை இருண்டிருக்கிறது என்று நீங்கள் லென்ஸ் திருத்தம் போட ஆரம்பித்துவிடுவீர்கள், படத்தில் ஒரு குறையும் இருக்காது. எந்த அளவீட்டுக் கருவியாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒரே மாடலில் ஒவ்வொரு மானிட்டருக்கும் இது மாறும் என்பதால் வாங்கிய பிறகு சோதிப்பது அவசியம். எட்டாவது படியில் சொல்கிறேன்.

பிட் விஷயத்தில் சுருக்கமாக: 8 பிட் என்றால் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள், மொத்தம் சுமார் 1.67 கோடி நிறங்கள். 10 பிட் என்றால் 1024 படிகள், நூறு கோடிக்கு மேல். மாலை வானம் போல மெல்ல மாறும் இடங்களில் கோடு கோடாகப் பட்டை தெரிவது 10 பிட்டில் குறையும். "8 பிட், கூட எஃப்ஆர்சி" என்று இருந்தால் இரண்டு படிகளுக்கு நடுவே வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி 10 பிட் போலத் தோன்றவைக்கிறது என்று அர்த்தம், நடைமுறையில் அது நன்றாகவே இருக்கிறது. "6 பிட், கூட எஃப்ஆர்சி" என்று இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஐந்தாவது படி: அளவும் ரெசொல்யூஷனும்

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், தனித்தனியாகப் பார்த்தால் தப்பாகும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு. 24 அங்குலத்தில் 1920x1080 என்றால் 92 வரும். 27 அங்குலத்தில் 2560x1440 என்றால் 109. அதே 27இல் 4கே, அதாவது 3840x2160 என்றால் 163. 32 அங்குலத்தில் 4கே என்றால் 138 பக்கம். 27 அங்குலத்தில் வெறும் 1920x1080 வாங்கினால் 82தான் வரும், பிக்சல்கள் தனித்தனியாகக் கண்ணில் படும், அதை வாங்காதீர்கள்.

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000x4000. 1920x1080 திரையில் ஒரே நேரத்தில் காட்ட முடிவது 2 மெகாபிக்சல் சொச்சம், 2560x1440இல் 3.7, 4கேயில் 8.3. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேட வேண்டிய வேலை 4கேயில் குறைகிறது, அச்சில் பார்ப்பதுபோல ஒரு நெருக்கம் கிடைக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தாலும் எல்லாம் கூர்மையாகத் தெரியும், இரைச்சல் புள்ளிகள் கண்ணுக்குத் தட்டாது. மென்பொருளில் கூட்டும் கூர்மையின் விளைவும் அதனால் கண்ணில் படாது, போதவில்லை என்று தோன்றிக் கூட்டிக்கொண்டே போய்விடுவார்கள் சிலர். அதே படத்தைச் சாதாரணத் திரையில் பார்த்தால் விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடாக இருக்கும். 4கேயில் கூர்மையையும் இரைச்சலையும் முடிவு செய்யும்போது இருநூறு சதவீதத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், பணம் அளவாக இருக்கும்போது 27 அங்குலம் 2560x1440இல் நல்ல நிறமுள்ள ஒன்றை எடுப்பேன், அதே விலைக்கு வரும் சுமாரான 4கேயைத் தொட மாட்டேன். மேசை சின்னதாக இருந்தால் 24 அங்குலம் 1920x1200 இன்னும் கிடைக்கிறது, அந்த 16:10 வடிவத்தில் கூடுதலாகக் கிடைக்கும் உயரம் கருவிப்பட்டைகளுக்கு உபயோகமாக இருக்கும்.

ஆறாவது படி: எதையெல்லாம் கண்டுகொள்ள வேண்டாம்

திரை மாறும் வேகத்தைச் சொல்லும் 144 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட் எல்லாம் விளையாடுகிறவர்களுக்கு. அசையாத படத்துக்கு 60 ஹெர்ட்ஸ் போதும். படத்துக்குத் தகுந்தபடி வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட் என்று லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கவே வேண்டாம், அந்த வசதியை அணைத்துத்தான் வைக்கப்போகிறோம். மலிவான மானிட்டரில் எச்டிஆர் 400 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வளைந்த திரை வேண்டவே வேண்டாம், கட்டடத்தின் கோடு நேராக இருக்கிறதா என்று வளைந்த திரையில் எப்படிப் பார்ப்பது? கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் திரையில் உங்கள் முகமும் ஜன்னலும் தெரியும், மேட் திரையே நல்லது.

ஏழாவது படி: ஸ்டாண்டு, கேபிள், அளவீட்டுக் கருவி

உயரம் ஏற்றி இறக்க முடிகிற ஸ்டாண்டு இருக்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு அருகில் வர வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து ஒரு மாதத்தில் சொல்லிவிடும். செங்குத்தாகத் திருப்ப முடிந்தால் உருவப்படங்களுக்கு நன்றாக இருக்கும்.

4கே வாங்கினால் கேபிளைக் கவனியுங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே போனால் நொடிக்கு 30 முறைதான் திரை மாறும், மவுஸ் இழுத்துக்கொண்டு நகரும். ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2, இவற்றிலிருந்து மேல் எதுவானாலும் 60 வரும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யுஎஸ்பி-சி வசதி, ஒரே கேபிளில் படமும் வரும், சார்ஜும் ஏறும்; ஆனால் எத்தனை வாட் கொடுக்கிறது என்று உங்கள் லேப்டாப்பின் சார்ஜரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஹெச்டிஎம்ஐயில் இன்னொரு தொல்லை உண்டு. சில நேரம் கணினி மானிட்டரைத் தொலைக்காட்சி என்று நினைத்து 0 முதல் 255 வரையிலான முழு அளவுக்குப் பதிலாக 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பும். கறுப்பு சாம்பலாக, வெளிறித் தெரிந்தால் கிராஃபிக்ஸ் அமைப்பில் போய் முழு வீச்சு என்று மாற்றுங்கள். மானிட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அளவீட்டுக் கருவி. மானிட்டருக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை முதலிலேயே இதற்கு எடுத்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். மவுஸ் அளவில் இருக்கும், திரை மேல் தொங்கவிட வேண்டும், மென்பொருள் வரிசையாக நிறங்களைக் காட்டும், கருவி ஒவ்வொன்றையும் அளக்கும், கடைசியில் உங்கள் மானிட்டருக்கே உரிய புரொஃபைல் கோப்பு ஒன்று உருவாகும். டேட்டாகலரின் ஸ்பைடர், கேலிப்ரைட் ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. கூடவே வரும் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அது ஆர்கில் என்ற திறந்த மூலக் கருவித்தொகுப்பின் மேல் ஓடுவது. பழைய கருவியை யாரிடமாவது வாங்கினால் உங்கள் மானிட்டரின் பின்விளக்கு வகையை அது சரியாக அளக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், விரிந்த வரம்பு மானிட்டர்களில் பழைய கருவிகள் தடுமாறுவதுண்டு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றிக்கொண்டால்கூடப் போதும், மாதத்துக்கு ஒருநாள்தானே வேலை.

எய்ஸோவின் கலர்எட்ஜ், பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை போன்றவற்றில் அளந்த திருத்தத்தை மானிட்டருக்குள்ளேயே எழுதி வைக்கும் வசதி இருக்கிறது. கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு 8 பிட் வெளியீட்டில் திருத்தும்போது படிகள் சில காணாமல் போகும், இங்கே அந்த இழப்பு இல்லை. கலர்எட்ஜில் சில மாடல்களுக்கு அளவீட்டுக் கருவியே உள்ளுக்குள் இருக்கிறது. அச்சு வேலையே தொழில் என்று ஆகும்போது அந்தப் பக்கம் போகலாம், இப்போது அவசரமில்லை.

எட்டாவது படி: வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், எத்தனை செத்த பிக்சல் இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை, உள்ளே இருக்கும் தெர்மாகோலோடு, பத்திரமாக வையுங்கள்.

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஆன் செய்தவுடன் இருக்கும் நிறமும் சூடான பிறகு இருக்கும் நிறமும் ஒன்றல்ல. அப்புறம் உங்கள் எடிட்டிங் மென்பொருளிலேயே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், நடுத்தர சாம்பல் என்று ஆறு வெற்றுப் படங்களை உருவாக்கித் திரை முழுக்க ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். நிறப் படங்களில் செத்த பிக்சல் தெரிந்துவிடும். கறுப்பில், அறை விளக்கை அணைத்துவிட்டு, விளிம்புகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஒரு மூலையில் மட்டும் டார்ச் அடித்தமாதிரி இருந்தால் மாற்றிக் கேளுங்கள். சாம்பல்தான் முக்கியமான சோதனை. சின்ன ஜன்னல் ஒன்றில் சாம்பல் நிறத்தை வைத்து அதைத் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள், போகிற வழியில் நிறம் ரோஸாகவோ பச்சையாகவோ மாறினால் கண் உடனே பிடித்துவிடும்.

கடைசியாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் ஒரு பட்டை. வழவழவென்று போக வேண்டும். நடுவில் கோடுகளோ நிறச் சாயலோ தெரிந்தால் முதலில் மானிட்டரின் மெனுவில் எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள்.

ஒன்பதாவது படி: அமைப்பது

மெனுவுக்குள் போய் டைனமிக் கான்ட்ராஸ்ட், நிறத்தைக் கூட்டும் வசதிகள், தானாக வெளிச்சம் மாறுவது, கண் பாதுகாப்பு மோட் எல்லாவற்றையும் அணையுங்கள். கணினியில் இரவு நேரத்து மஞ்சள் திரை வசதி இருக்கும், அதையும் அணையுங்கள். இது மாலையில் தானாக ஓடத் தொடங்கி, நீங்கள் கவனிக்காமலே படத்தை நீலமாக்க வைத்துவிடும்.

வெளிச்சம். என் முதல் ஆல்பத்தைக் கெடுத்தது இதுதான் என்பதால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது 250, 300 நிட்ஸ் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று எரியும். எடிட்டிங்குக்கு வேண்டியது 100 முதல் 120 நிட்ஸ். அச்சுக்கான வேலை, அறையும் மங்கலாக இருக்கிறது என்றால் 80கூடப் போதும். அளவீட்டுக் கருவி இருந்தால் அது எண்ணைச் சொல்லிவிடும். இல்லையென்றால் திரையில் வெறும் வெள்ளையைக் காட்டி, பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை அறை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை மானிட்டரைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் திரை மங்கலாக, உயிரில்லாமல் இருப்பதாகத் தோன்றும். மூன்றாவது நாள் கண் பழகிவிடும், பழைய வெளிச்சத்துக்குப் போனால் கூசும்.

அளவீட்டு மென்பொருள் இலக்குகளைக் கேட்கும்போது வெண்மைக்கு 6500 கெல்வின் அல்லது டி65, காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே வெளிச்சம் எப்படி ஏறுகிறது என்ற அளவு) 2.2, வெளிச்சம் 100 அல்லது 120 என்று கொடுங்கள். உருவாகும் புரொஃபைலைக் கணினியின் நிற அமைப்பில் மானிட்டருக்கான புரொஃபைலாக வையுங்கள். புதியவர்கள் செய்யும் ஒரு தப்பு, அந்தப் புரொஃபைலை எடிட்டிங் மென்பொருளில் படத்தின் நிற வெளியாகத் தேர்ந்தெடுப்பது. அது திரைக்கு மட்டும் உரியது, படம் எஸ்ஆர்ஜிபியிலோ அடோபி ஆர்ஜிபியிலோதான் இருக்க வேண்டும்.

அறையையும் பாருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலோ திரைக்கு நேர்பின்னாலோ இருக்க வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும், திரைச்சீலை இருக்கட்டும். திரைக்குப் பின்னால் உள்ள சுவர் அடர் பச்சையோ ஆரஞ்சோ என்றால் கண் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டு படத்தில் எதிர்நிறத்தைப் பார்க்கும், வெள்ளையோ வெளிர் சாம்பலோ நல்லது. கணினியின் பின்னணிப் படத்தையும் வெறும் சாம்பலாக மாற்றிவிடுங்கள். அடர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நிறம்கூடத் திரையில் பட்டு எதிரொலிக்கும், நான் எடிட்டிங் செய்யும் நாளில் கறுப்போ சாம்பலோதான் போடுகிறேன்.

எல்லாம் ஆன பிறகு ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முகம், கொஞ்சம் வானம், ஆழ்ந்த நிழல், ஒரு வெள்ளைத் துணி நான்கும் அதில் இருக்கட்டும். அதை அச்சடித்து, அச்சடித்தவர்களிடம் எந்தத் தானியங்கித் திருத்தமும் செய்ய வேண்டாம் என்று சொல்லி வாங்கி, நல்ல வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு திரையைப் போலவே மின்னாது, காகிதம் ஒளிவிடாது, அது சரிதான். முகத்தின் சாயலும் நிழலில் தெரியும் விவரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாமல் அச்சு இருட்டாக இருந்தால் மானிட்டரை இன்னும் பத்து நிட்ஸ் குறைத்து மறுபடி அளவீடு செய்யுங்கள். அந்த அச்சை இழுப்பறைக்குள், வெளிச்சம் படாமல் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அளவீடு செய்யும் அன்று அதை எடுத்து, அதே படத்தைத் திரையில் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அன்றைய வேலையைத் தொடங்குங்கள்.